பெயரின் இரண்டாம் பாதி

ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற ஆனந்தைச் சதுரங்க உலகம் 'விஷி' என்று செல்லமாகக் கூப்பிடும். விஸ்வநாதன் என்பதன் சுருக்கம் அது. விஸ்வநாதன் அவருடைய அப்பா. 'விஸ்வநாதன் ஆனந்த்' என்று எழுதியிருந்ததைப் பார்த்த மேலை நாட்டுக்காரர்கள், முன்னால் நிற்பது ஆளின் பெயர், பின்னால் நிற்பது குடும்பப் பெயர் என்று தங்கள் வழக்கப்படி எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் ஒருவரை அவருடைய அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் தெரியும். பாதிச் சண்டைகள் அதில்தான் தொடங்கும்.

சிதம்பரத்தில் பிறந்து, 2009-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். அவருடைய சொந்தப் பெயர் முன்னால் இருக்கிறது, அப்பாவின் பெயர் பின்னால் இருக்கிறது. ஆகவே ஆய்வுக் கட்டுரைகளிலும் செய்திகளிலும் அவர் 'ராமகிருஷ்ணன்'. கூகுள் தலைவரை உலகம் 'பிச்சை' என்கிறது. அதுவும் அப்பாவின் பெயர்தான். அப்பா பெயரை முன்னால் வைத்தாலும் குழப்பம், பின்னால் வைத்தாலும் குழப்பம். புகழ் பெற்றவர்களுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஆளைத் தெரியும். ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போகும் வெல்டருக்கும், கல்விக்கடன் வாங்கிக்கொண்டு மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கும் அந்த வசதி கிடையாது. அவர்களைக் கவுன்டரில் நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது நம் வீடுகளில் நடக்கும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அத்தனை பாடும் பெயரின் முதல் பாதிக்காகத்தான். இரண்டாம் பாதியை, அதாவது இனிஷியலாகச் சுருங்கிக் கிடக்கும் பெற்றோர் பெயர் எங்கே, எப்படி, எவ்வளவு எழுதப்பட வேண்டும் என்பதை, யாரும் உட்கார்ந்து பேசுவதே இல்லை. பின்னால் பிள்ளையின் காலைச் சுற்றுவது அதுதான்.

முதல் பாதிக்கான பாட்டைக் கொஞ்சம் பார்க்கலாம். முதலில் நட்சத்திர எழுத்து. இருபத்தேழு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்துகள். மகத்தில் பிறந்தால் ம, மி, மு, மெ. இது சுலபம், முருகனிலிருந்து மீனாட்சிவரை கடலளவு பெயர் இருக்கிறது. திருவாதிரையின் ஒரு பாதத்துக்கு 'ங' வரும். அஸ்தத்தில் ஒன்றுக்கு 'ண'. இந்த எழுத்துகளில் தொடங்கும் பெயரை எந்த அகராதியில் போய்த் தேடுவது? வடமொழி ஒலிகளை வைத்து அடுக்கிய பட்டியல் அது. தமிழில் எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது வராது என்று தொல்காப்பியம் சொன்ன கணக்கு அதற்குத் தெரியாது. ஜோதிடரும் விவரமானவர்தான். 'ங' வந்தால் சிரித்துக்கொண்டே பக்கத்துப் பாதத்தின் எழுத்தைக் கொடுத்துவிடுவார். அப்படிக் கொடுக்க முடியும் என்றால் முதலிலேயே ஏன் இவ்வளவு கட்டாயம் என்று மருமகள் கேட்க நினைப்பாள், கேட்க மாட்டாள்.

அடுத்தது எண்கணிதம். ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்துக் கூட்டி, கூட்டுத்தொகை 'ராசியில்லை' என்றால் ஓர் எழுத்தைச் சேர்ப்பார்கள், இல்லையென்றால் பிடுங்குவார்கள். ஜெயலலிதா 2001-ல் தன் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசியில் இன்னொரு 'ஏ' சேர்த்துக்கொண்டது ஊரறிந்த செய்தி. தமிழில் அவர் பெயரில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. தமிழ்நாட்டுக் குழந்தையின் தலைவிதி அதன் பெயரின் ஆங்கில ஸ்பெல்லிங்கில் இருக்கிறது என்று நம்புவது எவ்வளவு பெரிய வேடிக்கை! அதைவிட, அந்தக் குழந்தை ஆயுள் முழுக்க ஒவ்வொரு கவுன்டரிலும் 'ரெண்டு ஏ, நடுவுல ஒரு ஹெச்' என்று சொல்லிக்கொண்டே நிற்கப்போகிறது. தட்டச்சு செய்பவர் ஒருவர் அந்த ஹெச்சை விட்டுவிட்டால் ஆதார் ஒரு பெயரிலும் வங்கிக் கணக்கு இன்னொரு பெயரிலும் நிற்கும்.

மூன்றாவது, கைப்பேசியில் கிடைக்கும் பட்டியல்கள். அவற்றில் உள்ள பெயர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி பொருள் போட்டிருப்பார்கள்: ஒளி, வெற்றி, கடவுளின் பரிசு. எந்த மொழியிலும் இல்லாத ஒலிக்கூட்டத்துக்குக்கூட 'கடவுளின் பரிசு' என்று பொருள் போட்டுவிட்டால் அது பெயராகிவிடுகிறது. இன்னொரு பக்கம் யாழினி, கவின், இனியா, மகிழன், செழியன் என்று தமிழ்ப் பெயர்கள் மறுபடியும் வரத் தொடங்கியிருக்கின்றன. மறைமலையடிகள் 1916-ல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பிறகு நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் ராமையா அன்பழகனாகவும் மாறிய காலமும் விதைத்தது இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் மகிழ்ச்சி. என்ன, ஒரே வகுப்பில் நான்கு யாழினி உட்கார்ந்திருப்பார்கள். அங்கேதான் இரண்டாம் பாதி முதல் தடவையாக வேலைக்கு வருகிறது: 'எஸ். யாழினி, நீ எழுந்திரு, கே. யாழினி, நீ உட்கார்.'

நம் பெரியவர்களுக்கு இந்தத் தேடல் ஏதும் இருக்கவில்லை. தாத்தா பெயர் பேரனுக்கு, பாட்டி பெயர் பேத்திக்கு. முடிந்தது. இந்த வழக்கத்துக்கு உலகறிந்த சாட்சி ஒரு குடும்பத்தில் இருக்கிறது. வான இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983-ல் நோபல் பெற்றார். அவருடைய அப்பா சுப்பிரமணியன். அப்பாவின் அப்பா சந்திரசேகரன். பேரனுக்கு வந்தது அவர் பெயர்தான். அந்தத் தாத்தாவின் இன்னொரு மகன் சர் சி.வி. ராமன். ராமனின் இனிஷியலில் உள்ள 'சி'யும் அண்ணன் மகனின் முழுப்பெயரும் ஒரே மனிதர். அமெரிக்க விண்வெளி நிறுவனம் நாசா 1999-ல் விண்ணில் ஏற்றிய ஆய்வகத்துக்குச் 'சந்திரா' என்று பெயரிட்டது. பள்ளி, கல்லூரிகளில் பாடம் நடத்திய அந்தத் தாத்தாவின் பெயரும் சேர்ந்துதான் மேலே சுற்றுகிறது.

தாத்தா பெயரை வைத்த வீட்டில் வேறொரு சிக்கலும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பிள்ளையைத் திட்டினால் மாமனாரைத் திட்டியதாகிவிடும். ஆகவே அவள் 'ராசா' என்றோ 'அய்யா' என்றோ தனக்கென ஒரு பெயர் வைத்துக்கொள்வாள். இப்படித்தான் ஒவ்வொருவருக்கும் ஏட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று இரண்டு வந்தன. சாமி பெயர் வைத்த வீட்டிலும் அதே கதை. விருதுநகரில் 1903-ல் பிறந்த ஒரு குழந்தைக்குக் குலதெய்வத்தின் பெயரான காமாட்சி என்பதை வைத்தார்கள். அம்மா சிவகாமி 'ராசா' என்று கூப்பிட்டார். இரண்டும் சேர்ந்து காமராசர் ஆனது. முதல் பெயரையும் நடுப்பெயரையும் பொருத்திப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை மேலை நாட்டவர் ஒரு கலையாகவே செய்கிறார்கள். எங்கள் சிவகாமி அம்மாள் யாரையும் கேட்காமல் செய்துவிட்டார்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் இந்த இரட்டைப் பெயர் முறையாகவே உண்டு. ஞானஸ்நானத்தின்போது ஒரு புனிதரின் பெயர், கூப்பிட இன்னொரு பெயர். புனிதர்களும் இங்கே வந்து தமிழர் ஆனார்கள்: பேதுரு ராயப்பர் ஆனார், பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர், சேவியர் சவரியார். சவரிமுத்து என்ற பெயரைக் கேட்டால் ஸ்பெயின் நாட்டுத் துறவி யாருக்கு ஞாபகம் வரும்? தென் மாவட்டத்துக் கடற்கரைதான் ஞாபகம் வரும்.

எல்லாப் பெயரும் ஆசையில் வைத்தவை அல்ல. அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்துபோன வீட்டில் அடுத்ததற்குப் பிச்சை என்றும் குப்பம்மாள் என்றும் பெயரிட்டார்கள்; எமன் இதை ஒரு பொருட்டாக மதிக்காமல் போய்விடுவான் என்று நம்பினார்கள். அதில் பயமும் பாசமும் இருந்தது. போதும்பொண்ணு, வேண்டா என்று பெண்களுக்கு வைத்த பெயர்களில் அதுகூட இல்லை. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்ற வேண்டுதலை ஒரு பெண் ஆயுள் முழுக்கத் தன் பெயராகச் சுமந்தாள். அந்தப் பெயர் வைத்தவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி இரண்டாம் பாதி.

ஊர், தந்தை பெயர், சொந்தப் பெயர் என்ற வரிசை தமிழுக்குப் பழையது. சங்கப் பாடல்களைப் பாடியவர்களின் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்: மதுரை மருதன் இளநாகனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். இந்த அச்சில்தான் பின்னால் காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரையும், மருதூர் கோபாலன் ராமச்சந்திரனும் வந்தார்கள். அலுவலகமும் பள்ளிக்கூடமும் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியபோது ஊரும் தந்தையும் ஒவ்வோர் எழுத்தாகச் சுருங்கினார்கள். பிறகு ஊரும் போய்விட்டது. இப்போது மிஞ்சியிருப்பது ஒற்றை எழுத்து.

அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஓர் அரசியல் வெற்றி இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெரியார் தன் பெயருக்குப் பின்னிருந்த நாயக்கரை விட்டார். அடுத்த இரண்டு தலைமுறைகளில் தமிழ்நாட்டுப் பள்ளி வருகைப் பதிவேட்டில் முதலியாரும் பிள்ளையும் செட்டியாரும் ஐயரும் ஏறக்குறைய காணாமல் போனார்கள். இந்தியாவின் பல மாநிலங்களில் பெயரைச் சொன்ன மறுகணமே சாதி தெரிந்துவிடும். இங்கே 'சே. கவின்' என்று சொன்னால் எதுவும் தெரியாது. சாதி ஒழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. விசாரிப்பவர் 'எந்த ஊர், எந்தத் தெரு?' என்று சுற்றி வளைத்துக் கேட்கத்தான் செய்கிறார். ஆனால் அவரைச் சுற்றி வளைக்க வைத்ததே பெரிய காரியம்.

இந்த வெற்றியைத்தான் இப்போது படிவங்களின் கட்டங்கள் அரிக்கின்றன. பாஸ்போர்ட்டில் சொந்தப் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். பான் அட்டைக்கான படிவத்தில் முதல், நடு, கடைசி என்று மூன்று. இனிஷியல் போடக் கூடாது, விரித்து எழுது என்கிறது அது. ஆதாரில் ஒரே கட்டம். எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். ஒரே ஆள் ஆதாரில் 'எஸ் கவின்', பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கவின் எஸ்', பானில் 'கவின் சேகர்', பாஸ்போர்ட்டில் வெறும் 'கவின்'. நான்கும் அரசே கொடுத்த சான்றுகள். நான்கும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஐந்தாவதாக ஒரு பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். பல தமிழர்கள் அப்படித்தான் விட்டார்கள்; இல்லாத குடும்பப் பெயரை எப்படி எழுதுவது? அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவர்களின் ஒரே பெயரைக் கடைசிப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதல் பெயர் தெரியாது' என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் போட்டுவிடுவார்கள். அங்கே போய் ஓட்டுநர் உரிமம் எடுத்தால் அதிலும் அந்த மூன்றெழுத்து ஏறும். வங்கியிலிருந்து வரும் கடிதம் 'அன்புள்ள பெயர் தெரியாதவரே' என்கிற தோரணையில் வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் வரக் கூடாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று சில நாட்களில் தளர்த்தினார்கள். இடைப்பட்ட நாட்களில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்களின் வயிறு கலங்கியதுதான் மிச்சம்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து சிலர் செய்வது எனக்குக் கவலை தருகிறது. 'வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளை, சர்நேம் இல்லாமல் எப்படி?' என்று சொல்லி, கொள்ளுத்தாத்தா விட்டுப்போன சாதிப் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக் குழந்தையின் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள். கேட்டால் வசதிக்காக என்பார்கள். கட்டத்தை நிரப்ப அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இருக்கிறது, ஊர்ப் பெயர்கூட இருக்கிறது. அத்தனையையும் தாண்டிப் போய்ச் சாதியை எடுத்தால் அது வசதிக்காக இல்லை. ஆசைக்காக.

இன்னொரு விபத்து எந்தத் திட்டமும் இல்லாமல் நடக்கிறது: பெயருக்கு நடுவில் விழும் இடைவெளி. செந்தில்குமார் என்பது ஒரே பெயர். ஆங்கிலத்தில் அடிக்கும்போது யாரோ ஸ்பேஸ் பாரைத் தட்டிவிடுகிறார்கள். உடனே செந்தில் முதல் பெயராகவும் குமார் கடைசிப் பெயராகவும் ஆகிவிடும். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவர் மிஸ்டர் குமார். பாலமுருகன், விஜயலட்சுமி, முத்துலட்சுமி எல்லோருக்கும் இதே கதி. அக்காள் தங்கை இருவருமே 'மிஸ் லட்சுமி' ஆகிவிடும் வீடுகள் உண்டு. இந்த வெட்டின் மிகப் பெரிய உதாரணம் நாம் மேலே பார்த்த சி.வி. ராமன்தான். அவர் பெயர் வெங்கடராமன். அது வெங்கட, ராமன் என்று இரண்டாகி, முன்பாதி இனிஷியலாகச் சுருங்கியது. இல்லையென்றால் 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறியப்பட்டதை 'வெங்கடராமன் விளைவு' என்று படித்துக்கொண்டிருப்போம். அவருக்கு அது நன்றாகவே அமைந்தது. நம் பிள்ளைகளுக்கு அமையும் என்று சொல்ல முடியாது. வங்கியின் கணினி இடைவெளியைக்கூட ஓர் எழுத்தாகவே எண்ணும்.

பெண்களுக்கு இந்தத் தொல்லை இரண்டு மடங்கு. கல்யாணத்துக்கு முன் அப்பா எழுத்து, பின் கணவர் எழுத்து. சட்டம் இப்படி மாற்றச் சொல்லவில்லை. ஆனாலும் ரேஷன் கார்டில் தொடங்கி எல்லாவற்றிலும் மாற்றிவிடுகிறார்கள். மார்க் ஷீட்டில் இருக்கும் எழுத்தை மாற்ற முடியாது, ஆகவே அவள் படிப்பு ஒருவர் பெயரிலும் குடும்பம் இன்னொருவர் பெயரிலும் இருக்கிறது. கணவர் இறந்தாலோ பிரிந்தாலோ, வேலைக்கு மனுப் போடும்போது எல்லாச் சான்றிதழ்களையும் ஒன்றோடு ஒன்று பொருத்திக் காட்ட அலையும் பெண்களைத் தாலுகா அலுவலக வாசலில் எந்த நாளும் பார்க்கலாம்.

குழந்தையின் எழுத்து அம்மாவுடையதாக இருக்கக் கூடாதா? மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமியைக் கேட்டுப் பாருங்கள். எம்.எஸ். என்ற இரண்டு எழுத்தில் ஊரும் அம்மாவும்தான் இருக்கிறார்கள். வீணைக் கலைஞரான அந்த அம்மா பெயரின் முதல் எழுத்தைச் சொல்லித்தான் நாடே அந்தக் குரலை அழைத்தது. அன்றைக்கு அது ஒரு சமூகத்தின் நிர்ப்பந்தம், இன்றைக்கு விருப்பமாக இருக்கலாம். 2015-ல் உச்ச நீதிமன்றம், மணமாகாத தாய் தந்தையின் பெயரைச் சொல்லாமலேயே குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் பெறலாம் என்றது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகள் மாறி, பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்றானது. 2022 ஜூலையில், கணவர் இறந்து மறுமணம் செய்துகொண்ட தாய்க்குத் தன் குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் நம் வீடுகளைவிட நாலு அடி முன்னால் நிற்கிறது.

கடல் கடந்த தமிழர்கள் இந்தக் கணக்கை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாகப் போட்டிருக்கிறார்கள். மலேசியாவில் அடையாள அட்டையிலேயே 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்பதன் மலாய்ச் சுருக்கம் நடுவில் வரும். யார் பெயர் எது என்று குழப்பமே இல்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் முதலில் போய்ச் சேர்ந்தவரின் அப்பா பெயர் கடைசிக் கட்டத்தில் விழுந்து, அப்படியே உறைந்து, பேரன் பேத்திகளுக்கும் குடும்பப் பெயராகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் விவசாயம் பார்த்த ஒருவர் பெயர் டொரொன்டோவில் மூன்றாம் தலைமுறையின் சர்நேமாகத் தொடர்கிறது. அமெரிக்காவில் பிறக்கும் பிள்ளைகளுக்கு நடுப்பெயர் என்ற கூடுதல் இடம் கிடைக்கிறது. வெள்ளைக்கார ஆசிரியர் வாயில் நுழையும்படி முதல் பெயர் சின்னதாக இருக்கும். பாட்டி பெயரையோ சாமி பெயரையோ நடுவில் வைப்பார்கள். கமலா ஹாரிஸின் நடுப்பெயர் தேவி, அவர் தங்கை மாயாவின் நடுப்பெயர் லட்சுமி. அம்மா சியாமளா கோபாலன் சென்னையிலிருந்து கொண்டுபோனதை வைக்க அந்த நடு இடம்தான் கிடைத்தது. அந்த இடம் பெரும்பாலும் வீட்டுப் பரண் மாதிரி ஆகிவிடுகிறது. தூக்கிப் போட மனமில்லாதது அங்கே போகும். யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. பாட்டி பெயர் இனிமையாக இருந்தால் அதையே முதல் பெயராக வைத்துவிடுங்கள் என்பதுதான் நான் அவர்களுக்குச் சொல்வது. 'ஷ்வார்ஸ்நெக்கர்' என்று சொல்லப் பழகிய நாக்கு 'கோமதி'யையும் பழகிக்கொள்ளும்.

நம்மைப் போலவே குடும்பப் பெயர் இல்லாத ஒரு பணக்கார நாடு இருக்கிறது. நான்கு லட்சம் பேர்கூடத் தேறாத ஐஸ்லாந்து. அங்கே பெரும்பாலோருக்குக் கடைசியில் நிற்பது அப்பா பெயரும் 'மகன்' அல்லது 'மகள்' என்ற ஒட்டும்தான். அண்ணனுக்கும் தங்கைக்கும் அதனால் கடைசிப் பெயர் வேறாக இருக்கும். தொலைபேசிப் புத்தகத்தை அவர்கள் சொந்தப் பெயர் வரிசையில்தான் அச்சிட்டார்கள். பிரதமரையே சொந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அம்மா பெயரை ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு. இங்கிலாந்தின் கால்பந்து அணிகளில் ஆடிய ஹெய்தார் ஹெல்குசன், ஹெல்கா என்ற அம்மாவின் மகன். விமான நிலையங்களில் அவர்கள் மாட்டிக்கொள்ளாத காரணம் எளிது. அப்பா பெயரையோ அம்மா பெயரையோ ஓர் எழுத்தாக அவர்கள் சுருக்கவில்லை. முழுதாக எழுதுகிறார்கள், இரண்டு கட்டமும் நிரம்பிவிடுகிறது. கூடவே 1991 முதல் ஒரு பெயர்க்குழு வைத்து, புதுப் பெயர்கள் தங்கள் மொழியின் இலக்கணத்துக்குள் அடங்குகின்றனவா என்றும் பார்க்கிறார்கள். அந்தக் குழு நமக்கு வேண்டாம். நம் ஊரில் அமைத்தால் அதற்கு உறுப்பினர் ஆவதற்கே அடிதடி நடக்கும். விரித்து எழுதும் பழக்கம் மட்டும் வேண்டும்.

நம் அரசும் இந்தத் திசையில் ஓரடி வைத்திருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த ஆணைப்படி, தமிழில் பெயர் எழுதும்போது தலைப்பெழுத்தும் தமிழில்தான் இருக்க வேண்டும். நல்ல ஆணை. 'எஸ். கவின்' என்பதில் அந்த எஸ் சரவணனா, சேகரா, ஸ்டீபனா, ஷாஜகானா என்று தெரியாது, 'சே. கவின்' என்றால் பாதியாவது தெரியும். ஆனால் ஆணை தலைப்பெழுத்தோடு நின்றுவிட்டது. சேகரை முழுதாக எழுது என்று சொல்லவில்லை.

இதெல்லாம் இப்போது அவசரமாகிவிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பெல்லாம் ஒருவரின் ஏட்டுப்பெயரை முடிவு செய்தது பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் எழுதியதுதான் பெயர், அவர் போட்டதுதான் பிறந்த தேதி. ஜூன் மாதத்தில் பிறந்த தமிழர்கள் இவ்வளவு பேர் இருப்பதன் ரகசியம் அது. 1969-ம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு 2023-ல் கொண்டுவந்த திருத்தம் அதை மாற்றிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் ஏறும் பெயர்தான் இனி ஒவ்வொரு சான்றுக்கும் பின்னால் வரும். பெயர் முடிவாகும் இடம் பள்ளிக்கூடத்திலிருந்து பிரசவ வார்டுக்கு நகர்ந்துவிட்டது. அங்கே டிஸ்சார்ஜ் அவசரத்தில், பெண்ணின் அண்ணனோ சித்தப்பாவோ ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது நிரந்தரமாகிவிடுகிறது.

அவசரப்படத் தேவையே இல்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும், அவ்வளவுதான். பெயர் இல்லாமலே பதியலாம். பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்; அதன் பிறகு தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டுகள்வரை சேர்க்கலாம். ஆனால் ஒரு தடவை ஏறிய பெயரை மாற்றுவது பெரிய வேலை. அதன் பின் ஒவ்வொரு சான்றிலும் மாற்ற, எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்து அரசிதழில் அறிவிப்பு வெளியாகும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே அந்த முதல் வருடத்தில், நட்சத்திர எழுத்துக்கான சண்டை ஓய்ந்த ஒரு மாலையில், இரண்டாம் பாதிக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

அந்த ஒரு மணி நேரத்தில் முடிவு செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. குழந்தையின் சொந்தப் பெயர் ஒட்டி எழுதும் ஒரே சொல்லா, இடைவெளி விட்ட இரண்டு சொல்லா? பின்னால் வருவது அப்பா பெயரா, அம்மா பெயரா, இரண்டுமா? என் கட்சி இரண்டும் என்பதே. ஆனால் 'கவின் தமிழ்ச்செல்வி சோமசுந்தரம்' என்பது விமான டிக்கெட்டில் அடங்காது என்று சொல்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. அப்படியானால் ஒருவர் பெயரை எடுங்கள், எது சின்னதோ அதை. எதை எடுத்தாலும் முழுதாக எழுதுங்கள். சொந்தப் பெயர் முன்னால், பெற்றவர் பெயர் பின்னால் என்று ஆங்கிலத்தில் ஒரு வரிசையை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதும்போது நம் பழைய வரிசைப்படி 'சேகர் கவின்' என்றோ 'சே. கவின்' என்றோ எழுதலாம். ஆங்கில ஸ்பெல்லிங்கை ஒரு தாளில் எழுதி, அம்மா, அப்பா, தாத்தா மூவர் கைப்பேசியிலும் படம் பிடித்து வைத்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையில் தொடங்கி அதே எழுத்துக்கூட்டல்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மற்றதை அரசு செய்ய வேண்டும். பிறப்புப் பதிவுப் படிவத்தில் தந்தை பெயருக்கும் தாய் பெயருக்கும் ஏற்கெனவே தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. குழந்தையின் பெயருக்கும் அதேபோல் இரண்டு கட்டம் போட்டு, ஒன்றில் 'சொந்தப் பெயர்', மற்றொன்றில் 'பெயருடன் சேர்த்து எழுத வேண்டிய தாய் அல்லது தந்தை பெயர், விரிவாக' என்று அச்சடிக்கலாம். தேசியப் படிவம் என்று கைவிரிக்கத் தேவையில்லை. தமிழ்நாடு, ஒன்றிய அரசின் பதிவாளரிடம் இதைக் கேட்கலாம். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாமல் ஆறேழு கோடி மக்கள் வாழ்கிறார்கள் என்பதைப் பாஸ்போர்ட் படிவம் எழுதுபவருக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். அதுவரை பள்ளிக் கல்வித் துறை, மாணவர் பெயரை 'எஸ்' என்று ஏற்காமல் 'சேகர்' என்றே வாங்கிப் பதியட்டும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.